பின்சீட்டுக்காரர்

என் கணவர் வீட்டில் பேச மாட்டார். வண்டியில்தான் பேசுவார்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் எங்கள் வீட்டு முடிவு எதுவும் வீட்டுக்குள் எடுக்கப்பட்டதில்லை. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மாமனாரை எந்த டாக்டரிடம் காட்டுவது, மாடியில் இன்னொரு அறை கட்டுவதா வேண்டாமா, எல்லாமே நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து என் காதுக்குள் கத்தித் தீர்மானமானவை. முகத்துக்கு நேராக அவருக்கு வாய் வராது. என் முதுகைப் பார்த்துவிட்டால் மடை திறந்த மாதிரி கொட்டுவார். அவர் தையல்காரர். கடையில் வாடிக்கைக்காரர்களிடம் "இடுப்பு முப்பத்தாறு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசிக் கேட்டவர் இல்லை.

வண்டி எனக்கு இருபத்துமூன்று வயதில் வந்தது. நான் வேலை பார்க்கும் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஃபோர்மேனாக இருந்தவர், ஓய்வு பெற்ற அன்று, "இத உதைக்கிற தெம்பு இங்க உனக்குத்தாம்மா இருக்கு" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வார்ப்பிரும்பு இன்ஜின், ஒற்றை சிலிண்டர், பழைய காலத்து அமைப்பு. கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். அடுத்த வருஷம் கல்யாணம். "இந்த வீட்டுக்கு நான் ரெண்டாவதா வந்தவன்" என்பார் இவர். அதையும் வண்டியில் வைத்துத்தான் சொல்வார்.

இவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு பேருமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டோம். அன்றிலிருந்து பின்சீட்டு அவருக்கு நிரந்தரம். பின்சீட்டுக்காரருக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: "மூட்டை மாதிரி உக்காருங்க. சாய்க்கிறது, நிறுத்துறது, தாங்குறது எல்லாம் என் வேலை." சிக்னலில் இடது காலை ஊன்றி, வண்டியும் ஆளுமாக இருநூற்றைம்பது கிலோவை ஒருத்தியாகத் தாங்குவேன். இந்தப் பெருமையை நான் சொல்லாத ஆள் கிடையாது. பம்ப் ஹவுஸில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவரிடம் எனக்கிருந்த குறை செருப்பு விஷயம் மட்டும்தான். இடது செருப்பின் நுனி ஆறு மாதத்தில் தேய்ந்து காகிதமாகிவிடும். வலது, வாங்கின மேனிக்கு இருக்கும். "காலை இழுத்துக்கிட்டு நடக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கத்துவேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

போன வருஷம் அவருடைய கடை ஷட்டரின் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. ஆளைக் கூப்பிடலாம் என்று நாலு நாள் வண்டியில் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நானே பாக்குறேன்" என்றேன். எல்லாவற்றையும் நானே பார்ப்பேன், அதுதான் என் வியாதி. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் வெள்ளிக்கிழமை காலையில், நான் பாதி தூக்கிய ஷட்டர் அப்படியே இறங்கிவிட்டது. அதற்கும் வாசல் கல்லுக்கும் நடுவில் என் இடது மணிக்கட்டு இருந்தது.

இரண்டு ஆபரேஷன். கை பிழைத்துக்கொண்டது. விரல்கள் பாதி மடங்கும், பிடிமானம்தான் இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியச் சொன்னால் பழம்தான் ஜெயிக்கும். எங்கள் வண்டியின் கிளட்ச் லீவரோ, நல்ல கையையே நாலு சிக்னலில் வலிக்க வைப்பது.

கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் ஷெட்டுக்குப் போனேன். இவர் ஸ்பேனரும் பழந்துணியுமாக நிற்பார். நான் எண்ணைச் சொல்ல, எடுத்துத் தருவார். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டி, உதைத்துப் பத்து நிமிஷம் ஓடவிடுவேன். கால் நன்றாகத்தானே இருந்தது! நின்ற இடத்திலேயே ஓடிவிட்டு வண்டி அடங்கும். நாங்கள் உள்ளே போவோம்.

உள்ளே மௌனம். காலையில் அவர் ஷேர் வேனில் கடைக்குப் போவார், மாலையில் வருவார். "சாப்டியா?" "ம்." அவ்வளவுதான். சில நேரம் என் கையைப் பார்த்து வாயைத் திறப்பார். ஏதோ வரப் போகிறது என்று காத்திருப்பேன். எழுந்து போய் நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்க ஆரம்பித்துவிடுவார். கையில் இருந்த வலியைவிட எனக்கு இதுதான் பெரிய வலி. எனக்கு என் புருஷனோடு பேச வேண்டும், வேறொன்றும் இல்லை.

என் நாத்தனார், இவருடைய தங்கை, நல்லவள்தான். ஆனால் ஒரு நாளைக்கு நாலு யோசனை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தன்னுடைய கியரில்லாத ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "இதுல கிளட்சே கிடையாது அண்ணி. முறுக்கினா போகும்." உண்மைதான், போனது. இவரை ஏற்றிக்கொண்டு கடைவரை ஓட்டிப் பார்த்தேன். வழி முழுக்க இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கியதும் கேட்டேன், "என்னங்க, வாயில கொழுக்கட்டையா?"

தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "இதுல சத்தமே இல்லையே. நான் பேசுறது ஊருக்கே கேக்கும்."

ஸ்கூட்டரை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாத்தனார் அடுத்த யோசனையை எடுத்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பழைய வண்டியா வாங்கிச் சேத்து வைக்கிறார் அண்ணி. கண்ணாடி ஹால் கட்டி உள்ள நிறுத்துவார். ஒரு தூசி படாது."

"ஓடவும் ஓடாதுன்னு சொல்லு" என்றேன். ஆனால் அவள் போன பிறகு ஷெட்டில் வெகுநேரம் நின்றேன். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் மட்டும் ஓட்டிக்கொண்டு திரிய இந்த வண்டி வேண்டாம். இவரைப் பின்னால் வைத்து ஓட்ட முடிந்தால் வண்டி வீட்டில் இருக்கும். முடியாவிட்டால் கண்ணாடி ஹாலுக்குப் போகும். இதை அவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் மதியம் என்னைக் கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். தையல் மெஷினில் உட்கார்ந்தவர், இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார். காலால் மிதித்தார், மெஷின் ஓடியது. காலாலேயே பிடித்தார், நின்றது. மறுபடி ஓட்டம், மறுபடி நிறுத்தம். கை இரண்டும் ஆகாயத்தில். பட்டன் வைக்க வந்த ஒரு பெரியவர், இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. அங்கிருந்து நேராக லேத் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் எங்கள் வண்டிக்குப் பதினைந்து வருஷமாகப் பாகம் கடைந்து கொடுப்பவர். வாயில் நல்ல வார்த்தை வராது, கையில் கெட்ட வேலை வராது. "கிளட்ச காலுக்குக் கொண்டு போகணுமா? வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக்கு. மூணாவது காலுக்கு எங்கக்கா போறது?"

"பிரேக்க வலது கைக்குத் தள்ளுங்க. ஒரே லீவர், ரெண்டு கேபிள், முன்னாடியும் பின்னாடியும் சேந்து பிடிக்கட்டும். காலியான இடது பெடல்ல கிளட்ச மாட்டுங்க."

தலையைச் சொறிந்தார். சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். "யாரு சொன்ன ஐடியா?"

"டெய்லர்."

"அதானே பாத்தேன். வண்டி தெரிஞ்சவன் எவனும் இப்படி யோசிக்க மாட்டான்" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஆறு வாரத்தில் செய்து முடித்தார். இரண்டு கேபிளும் சமமாக இழுக்க நடுவில் ஒரு சின்னத் தராசுக் கட்டை கடைந்து வைத்திருந்தார், அழகென்றால் அப்படி ஓர் அழகு.

வண்டியைக் கொடுக்கும்போது எச்சரித்தார். "ஒண்ணே ஒண்ணு மனசுல வைங்கக்கா. நிக்கும்போது இடது கால் கிளட்ச் மேலயே இருக்கணும். எடுத்தீங்க, வண்டி குதிக்கும். இனிமே ஊனுறது வலது கால்தான். வலது பக்கம்தான் சாயணும்."

கேட்கச் சின்ன விஷயம். முப்பது வருஷம் இடது காலை ஊன்றியவளுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பம்ப் ஹவுஸ் வளாகத்துக்குள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் இடது கால் தானாக ஓடி வந்தது, வண்டி குதித்து அணைந்தது. முதல் வாரத்தில் மட்டும் பதினோரு தடவை. அணைந்தாலும் சரி, நின்ற இடத்திலிருந்து கிளம்பினாலும் சரி, வலது கால் தரையில், இடது கால் கிளட்சில், கியருக்குக் கால் மிச்சமில்லை; குனிந்து வலது கையால் கியரைத் தூக்கிப் போடுவேன். பார்க்கிறவர்கள் நான் ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறேன் என்று நினைப்பார்கள். ஒரு மாதத்தில் வலது கால் வேலையைக் கற்றுக்கொண்டது. வாகனப் பரிசோதனை அதிகாரி இரண்டு தடவை சுற்றி வரச் சொன்னார், எட்டுப் போடச் சொன்னார், தராசுக் கட்டையை உட்கார்ந்து பார்த்தார், முத்திரை வைத்தார்.

அந்த வாரமே இவரை ஏற்றினேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் ஆரம்பித்தார், "டிரைவரம்மா, உன் மக ஃபோன் பண்ணினா..." எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் என் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மகள் என்ன சொன்னாள் என்பது தெரிவதற்குள் பள்ளிக்கூடத்து முக்கு சிக்னல் வந்துவிட்டது. நிறுத்தினேன். வலது காலை ஊன்றினேன். அடுத்த நொடி வண்டி இடது பக்கம் போனது. என் இடது கால் பெடலை விட்டுத் தரைக்கு ஓடியது, கிளட்ச் பிடித்துக்கொண்டது, வண்டி ஒரு குதி குதித்து இரண்டு பேரையும் இடது பக்கம் கவிழ்த்துவிட்டு அணைந்தது.

பெரிய அடி இல்லை. அவருக்கு முழங்கை உரிந்து ரத்தம். யார் யாரோ வந்து தூக்கினார்கள். நான் அவருடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை நான் கீழே போட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து மருந்து போட்டுவிட்டுச் சொன்னேன், "போதுங்க. என் கால் பழச மறக்காது. இன்னைக்கு முழங்கை, நாளைக்குத் தலைன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவர் வாயைத் திறந்தார். மூடினார். நான் நாத்தனாருக்கு ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணாடி ஹால்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொடுப்பதென்று ஆனபின் அழுக்காகக் கொடுக்க மனசு வரவில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே உட்கார்ந்து, ஹேண்டில்பாரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து இவர் சீக்கிரமே வந்தார். ஒன்றும் சொல்லாமல் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"ஸ்டார்ட் பண்ணு."

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. ஸ்டார்ட் பண்ணு."

உதைத்தேன். ஷெட்டின் தகரமெல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. அவர் என் காதருகில் வந்தார்.

"அன்னைக்கு விழுந்தது உன்னால இல்ல. என்னால."

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க. பெடல விட்டது என் காலு."

"அதுக்கு முன்னாடியே என் காலு கீழ ஊனிடுச்சு. நீ வலது பக்கம் சாய்ச்ச, நான் இடது பக்கம் ஊனி இழுத்துட்டேன். வண்டி வந்துச்சு, அப்புறம்தான் உன் காலு வந்துச்சு."

நான் திரும்பப் போனேன். "திரும்பாத, திரும்பாத. திரும்பினா எனக்குச் சொல்ல வராது" என்றார்.

"நீங்க எதுக்கு ஊனுறீங்க? மூட்டை மாதிரி உக்காரணும்னு தானே..."

"நான் என்னைக்கு மூட்டையா உக்காந்தேன்?"

அவரே தொடர்ந்தார். "கல்யாணமான புதுசுல, ஒரு நாள் நல்ல மழை. ரயில்வே கேட்ல நிறுத்தினப்ப வண்டி உன் கைய மீறிச் சாஞ்சுது. நான் காலை ஊனினேன், நின்னுடுச்சு. நீ திரும்பி, 'பாத்தீங்களா, எப்படித் தாங்கினேன்'னு கேட்ட. முகமெல்லாம் அவ்வளவு சந்தோஷம். நான் ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அன்னைலேர்ந்தா?"

"அன்னைலேர்ந்து. பலமா இல்ல, நுனிக்கால்தான். உனக்குத் தெரியாத மாதிரி."

குனிந்து பார்த்தேன். பின் ஃபுட்ரெஸ்டில் அவருடைய பழைய இடது செருப்பு, நுனி தேய்ந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல கோபம். இருபத்தொன்பது வருஷமாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, ஒருத்தியாகத் தாங்குகிறேன் என்று! என் பெருமைக்கு அடியில் ஒரு செருப்பு தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அந்தச் செருப்புக்காக அவரையே திட்டியிருக்கிறேன், அவரும் தலையாட்டியிருக்கிறார். படக்கென்று இன்ஜினை அணைத்தேன்.

இன்ஜின் நின்றதும் அவரும் நின்றுவிட்டார். பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த மனுஷனை என்ன செய்வது? எனக்கு இன்னும் கேட்க வேண்டியிருந்தது. மறுபடி உதைத்தேன்.

"ஷட்டரும் அப்படித்தான்" என்றார் உடனே, விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல. "அன்னைக்கே நான் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கணும். நீ நானே பாக்குறேன்னு சொன்னா, நான் சரின்னு விட்டுடுறேன். உன் கைய பாக்குறப்பல்லாம் சொல்ல நினைக்கிறேன். வாய் வரல. தப்பு என்னுதுதான்."

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அவருக்குத் தெரிந்திருக்காது, அவர் பார்த்தது என் முதுகைத்தானே. மூக்கை, வண்டி துடைக்கும் துணியிலேயே துடைத்துக்கொண்டேன். முகமெல்லாம் கிரீஸ்.

"இறங்குங்க" என்றேன். "செருப்பக் கழட்டுங்க. சாக்பீஸ் எங்க?"

சட்டைப் பையில் எப்போதும் ஒரு தையல் சாக்பீஸ் இருக்கும். வலது செருப்பின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். திரும்ப ஏறச் சொன்னேன். இன்ஜின் ஓட ஓட, ஸ்டாண்டில் நின்ற வண்டியிலேயே ஒத்திகை. "சிக்னல்!" என்று நான் கத்துவேன், அவர் வலது காலை ஊன்ற வேண்டும். முதல் சிக்னலில் இடது கால் போனது. இரண்டாவதிலும் இடது. மூன்றாவதில் இரண்டு காலும் போனது.

"ஏங்க, மெஷின் மிதிக்கிறவர்தானே நீங்க?"

"மெஷின்ல ரெண்டு காலுக்கும் சம வேலை. வண்டியிலதான் வலது காலு இத்தன வருஷம் சொகுசா இருந்து பழகிடுச்சு."

வெயில் சாயும்வரை "சிக்னல், சிக்னல்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியை வெளியே எடுத்தேன். அவர் ஏறினார். இந்தத் தடவை நான் வேறு சட்டம் போட்டேன். "மூட்டை மாதிரி உக்காராதீங்க. நான் சாயுற பக்கம் சாயுங்க. நான் ஊனும்போது நீங்களும் ஊனுங்க, வலது கால்."

முதல் நிறுத்தம் பால் பூத் திருப்பத்தில். ஊன்றினேன். பின்னால் சர்ரென்று ஒரு செருப்பு தரையைத் தொட்டது. வண்டி தூண் மாதிரி நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தச் சத்தம் என் காதில் விழாமல் போனதெப்படி? வண்டிச் சத்தமா, என் பெருமைச் சத்தமா, எது மறைத்ததோ. பள்ளிக்கூடத்து முக்கில் சிக்னல் சிவப்பாக இருந்தது. வலது கால், வலது கால் என்று அவர் பின்னால் முணுமுணுப்பது கேட்டது. நின்றோம். பச்சை விழுந்தது. கிளம்பினோம். மொத்தம் ஒன்பது நிறுத்தம், ஒரு தடுமாற்றம். அந்த ஒன்றும் என்னால்தான்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். பக்கத்தில் மடிப்புக் கலையாத சட்டையில் கண்ணாடி ஹால்காரர். அவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு வலது கால்கள் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

நாத்தனார் கண்ணில் எதுவும் தப்பாது. "என்ன அண்ணி இது? அண்ணன் கால் ஊனினாத்தான் வண்டி நிக்குதா இப்ப?"

போன வாரம்வரை இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

"ஆமா" என்றேன். "இப்ப இல்ல. இருபத்தொம்பது வருஷமா அப்படித்தான்."

அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடி ஹால்காரர் குனிந்து தராசுக் கட்டையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். "மன்னிச்சுக்கோங்க, வண்டி கொடுக்கிறதா இல்ல" என்று அவரிடம் சொன்னேன். "உள்ள வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க."

அணைக்கக் கையை நீட்டினேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டிரைவரம்மா, இன்னும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா? அன்னைக்கு நம்ம மக ஃபோன்ல சொன்னத நான் இன்னும் சொல்லவே இல்ல."

நாத்தனாரை உள்ளே போய்க் காபி போடச் சொல்லிவிட்டு, குனிந்து கியரைக் கையால் தூக்கிப் போட்டேன்.